மின்தேக்கி செய்த ஜனாதிபதி

வீட்டில் டெஸ்லா சுருள் ஒன்று செய்துபார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் யோசிப்பது செப்புக்கம்பியைப் பற்றித்தான். எத்தனை சுற்று, எவ்வளவு உயரம், மேலே என்ன உலோக வளையம் என்றெல்லாம் கணக்குப் போடுவார். கம்பி சுற்றுவதற்குப் பொறுமை போதும். சிக்கல் தொடங்குவது மின்தேக்கியில். சுருள் செய்கிறவர்கள் அதிகம் பணம் செலவழிப்பதும், அதிகம் வாதம் பண்ணுவதும், அதிகம் எரித்துத் தொலைப்பதும் அந்த ஒரு பொருளைத்தான்.

சூக் நகரில் படிக்கும் என் அக்காவின் மகன் மத்தூரா வகுப்புக்குச் செய்யவேண்டிய ஆய்வு வேலைக்கு டெஸ்லா சுருளைத் தெரிவுசெய்திருந்தான். பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியர் சம்மதித்துவிட்டார். ஆனால் உயர் மின்னழுத்தம் என்பதால் விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார். மின்வேலை செய்து பிழைத்தவன் என்பதால் அந்தப் பொறுப்பு மாமாவாகிய என் தலையில் விழுந்தது. மின்தேக்கி தேடும் சாக்கில்தான் இக்னாட்சி மொஷ்சிட்ஸ்கி என்ற மனிதரின் கதைக்குள் நான் போனேன். போலந்தின் ஜனாதிபதியாகப் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தவர் அவர். அதற்கு முன்னர் இதே சுவிற்சர்லாந்தில், அகதியாக வந்து, உலகின் சிறந்த மின்தேக்கிகளைச் செய்தவர்.

மின்தேக்கி என்பது தமிழ்நாட்டு வழக்கு. இலங்கைப் பாடநூல்களில் இதையே கொள்ளளவி என்பார்கள். ஊரில் வானொலி திருத்துகிறவர்கள் எல்லோருக்கும் அது கொண்டென்சர்தான். இங்கே ஜேர்மன் மொழியிலும் கொண்டென்சாட்டோர் என்றே கேட்டு வாங்குகிறோம். இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருள், அவ்வளவுதான் அதன் அமைப்பு. 1745, 1746 ஆண்டுகளில் முதலில் செய்யப்பட்ட லேய்டன் சாடி ஒரு கண்ணாடிப் போத்தல். அதன் உள்ளேயும் வெளியேயும் மின்கடத்தி. கண்ணாடி மெல்லியதாக இருந்தால் அதிக மின்னூட்டம் நிற்கும். ஆனால் மெல்லியதாக இருந்தால் உடைந்தும் போகும். மின்தேக்கியின் முழு வரலாறும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த இழுபறிதான் என்று சொல்லலாம்.

டெஸ்லா சுருளில் இது என்ன வேலை செய்கிறது? உயர் அழுத்த மின்மாற்றி மின்தேக்கியை நிரப்புகிறது. அழுத்தம் போதிய அளவுக்கு ஏறியதும் பக்கத்தில் உள்ள பொறி இடைவெளியில் தீப்பொறி பாய்கிறது. அந்தக் கணத்தில், தேங்கிய மின்னூட்டம் முழுவதும் தடித்த கம்பியாலான முதற்சுருளில் பாய்ந்து, திரும்பி, மீண்டும் பாய்ந்து, நொடிக்கு இலட்சக்கணக்கான தடவை அலைகிறது. அந்த அலைவுதான் உயரமான இரண்டாம் சுருளின் உச்சியில் மின்னலாகத் தெறிக்கிறது. நிக்கோலா டெஸ்லா 1891இல் நியூயோர்க்கில் அறிஞர்கள் முன் காட்டியது இதன் ஆரம்ப வடிவத்தை. 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பெரிய அளவில் செய்தபோது உப்புநீர் நிரப்பிய கண்ணாடிப் போத்தல்களையே அவர் மின்தேக்கியாகப் பயன்படுத்தினார்.

மருமகனும் முதலில் போத்தல்களைத்தான் சேர்த்து வைத்திருந்தான். அவை மலிவு, பார்ப்பதற்கும் பழைய விஞ்ஞானியின் கூடம் போல இருக்கும். ஆனால் ஒரு போத்தலின் கொள்ளளவு பெரும்பாலும் ஒரு நனோஃபாரட்டைத் தாண்டுவதில்லை. எங்களிடம் இருந்தது நியோன் விளம்பரப் பலகைக்கான மின்மாற்றி, 9000 வோல்ட், 30 மில்லிஅம்பியர். இங்குள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த மின்மாற்றியோடு ஒத்திசையும் கொள்ளளவு கிட்டத்தட்ட 10.6 நனோஃபாரட் என்று கணக்கு வருகிறது. சரியாக அந்த அளவில் வைத்தால் ஒத்திசைவினால் அழுத்தம் கட்டுமீறி ஏறி மின்மாற்றியையே எரித்துவிடும். ஆகவே அதைவிட ஒன்றரை மடங்கு அளவில் வைப்பது வழக்கம். 15 நனோஃபாரட் வேண்டுமென்றால் இருபது போத்தல்களுக்குக் குறையாமல் அடுக்க வேண்டும். எடையும் உப்புநீரும் போகட்டும். கண்ணாடி உயர் அதிர்வெண்ணில் கணிசமான சக்தியை வெப்பமாக விழுங்கிவிடுகிறது.

இன்று பெரும்பாலோர் செய்வது வேறு. பொலிபுறப்பிலீன் பிளாஸ்திக் படலத்தாலான சிறிய துடிப்பு மின்தேக்கிகளை வரிசையாகக் கோத்துவிடுகிறார்கள். 0.15 மைக்ரோஃபாரட், 2000 வோல்ட் என்று எழுதியிருக்கும் பத்தைத் தொடராக இணைத்தால் 15 நனோஃபாரட் கிடைக்கும். 9000 வோல்ட்டின் உச்ச அளவு ஏறக்குறைய 12,700 வோல்ட். பத்தில் ஒன்றுக்கு 1270 வோல்ட் என்று பங்கு பிரியும். பொலியெஸ்தர் படலமும் வெளித்தோற்றத்தில் அப்படியே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் இழப்பு பல மடங்கு அதிகம், சில நிமிடங்களில் சூடேறி உருகிவிடும். மின்பகு வகை இதற்கு உதவவே உதவாது; அது ஒரு திசை மின்னோட்டத்துக்கு மட்டும் ஆனது. மைக்கா மிக நல்லது, விலைதான் கையைக் கடிக்கும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது இன்னும் இரண்டு. ஒன்று, மின்னோட்டம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குவதை அது தாங்கும் என்பது. முதற்சுருள் 30 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொண்டால், பொறி பாயும் கணத்தில் 280 அம்பியருக்கு மேல் பாயும். சாதாரண மின்தேக்கியின் உள்ளே கம்பி முனையும் படலமும் சேரும் இடம் அதில் பிய்ந்துபோகும். மற்றது, மேலே எழுதியிருக்கும் 2000 வோல்ட் டி.சி.க்கு உரியது. ஏ.சி.க்கு அதே மின்தேக்கி அதில் பாதியைக்கூட அனுமதிப்பதில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று மருமகன் கேட்டான். படலத்தின் ஓரத்தில், உலோகம் முடியும் இடத்தில், மின்புலம் செறிந்து காற்றைக் கடித்துத் தின்னத் தொடங்குகிறது, ஏ.சி.யில் அது ஒவ்வொரு சுழற்சியிலும் நடக்கிறது. மின்தேக்கி பெரும்பாலும் நடுவில் சாவதில்லை, ஓரத்தில்தான் சாகிறது. இதை முதலில் தெளிவாகக் கண்டு அதற்கு ஒரு மருந்தும் கண்டவர்களில் ஒருவர்தான் மொஷ்சிட்ஸ்கி. அவர் அதைச் செய்தது சூக்கிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஃப்ரிபூர் நகரில்.

இக்னாட்சி மொஷ்சிட்ஸ்கி 1867 டிசம்பர் 1ஆம் தேதி மியெஜனோவோ என்ற கிராமத்தில் பிறந்தார். போலந்து என்றொரு நாடு அப்போது வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டிருந்தன. அவர் பிறந்த பகுதி ரஷ்ய சார் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தை 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ரஷ்யர்களுக்கு எதிராகப் போராடியவர். தோற்றுப்போன போராட்டம் ஒன்றின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ரீகா நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் இரசாயனம் படித்தார். அங்கேயே இரகசிய சோஷலிச அமைப்பு ஒன்றில் சேர்ந்தார். படிப்பு முடிந்து வார்சாவுக்குத் திரும்பிய இளைஞர், ரஷ்யக் கவர்னர் ஜெனரல் குர்கோவைக் குண்டு வைத்துக் கொல்லும் சதியில் ஈடுபட்டார். படித்த இரசாயனம் வெடிமருந்துக்குப் பயன்படவிருந்தது. திட்டம் நிறைவேறவில்லை. பொலிசுக்குத் துப்புக் கிடைத்தது. பிடிபட்டால் சைபீரியா நிச்சயம் என்ற நிலையில், 1892இல், புதிதாகத் திருமணம் செய்திருந்த மனைவி மிகலினாவுடன் லண்டனுக்குத் தப்பினார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

லண்டனில் ஐந்து வருடங்கள். கிடைத்த கைவேலைகளைச் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். பட்டம் பெற்ற இரசாயனவியலாளரின் கைகளுக்கு அந்த நகரத்தில் வேறு மதிப்பு இருக்கவில்லை. எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்த எங்களவர்களில் எத்தனை ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவினார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பகுதி பழக்கமான கதையாகவே இருக்கும். மொஷ்சிட்ஸ்கி ஓய்வு கிடைத்த நேரங்களில் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரிக்கும் காப்புரிமை அலுவலக நூலகத்துக்கும் போனார். 1896இல் யூசெஃப் பியுசுட்ஸ்கியை அவர் சந்தித்ததும் லண்டனில்தான். பிற்காலத்தில் போலந்தின் தலைவிதியையும் மொஷ்சிட்ஸ்கியின் தலைவிதியையும் தன் கையில் வைத்திருக்கப்போகிறவர் அந்த மனிதர். அப்போது அவரும் ஒரு தலைமறைவுப் புரட்சியாளர்.

1897இல் வாழ்க்கை திசை மாறியது. ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் விஞ்ஞான பீடம் தொடங்கியிருந்தது. அங்கே பௌதிகப் பேராசிரியராக இருந்த வியெருஷ்-கொவால்ஸ்கி என்ற போலந்துக்காரர் தன் நாட்டவரான மொஷ்சிட்ஸ்கியை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். சுவிற்சர்லாந்தில் அது ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கப் பழகிய காலம். ஃப்ரிபூரைச் சுற்றி ஓடும் சாரின் ஆற்றில் 1872இலேயே அணை கட்டியிருந்தார்கள். ஐரோப்பாவின் முதல் கொங்கிறீற் அணை என்று அதைச் சொல்வார்கள். சூக்கிலும் அதே காற்றுத்தான் வீசியது. 1896இல் இங்கே தொடங்கிய ஒரு சிறிய மின்கருவிப் பட்டறைதான் பின்னர் லாண்டிஸ் அன்ட் கீர் என்ற பெயரில் உலகமெங்கும் மின்மானிகளை அனுப்பியது. மின்சாரத்தை உற்பத்தி செய்தாயிற்று, இனி அதை வைத்து என்ன செய்யலாம் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மொஷ்சிட்ஸ்கி தேடியது காற்றிலிருந்து உரம். 1898இல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி உலகுக்கு ஓர் எச்சரிக்கை விட்டிருந்தார். கோதுமைக்கு நைதரசன் உரம் வேண்டும். சிலி நாட்டு உப்புப் படிவுகள் தீர்ந்துவிட்டால் மனிதர்கள் பட்டினி கிடக்க நேரிடும். காற்றில் உள்ள நைதரசனைப் பிடிக்க வழி காணுங்கள் என்பது அதன் சாரம். மின்னல் அடிக்கும்போது காற்றில் உள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்கின்றன. அதையே ஆலைக்குள் செய்யலாம் என்று மொஷ்சிட்ஸ்கியும் கொவால்ஸ்கியும் முயன்றார்கள். உயர் அழுத்தத்தில் வேகமாக அலையும் மின்பொறிகள் அதற்குத் தேவை. அதாவது டெஸ்லா சுருளுக்குத் தேவையான அதே சுற்று: மின்தேக்கி, பொறி இடைவெளி, சுருள். வித்தியாசம் ஒன்றே. டெஸ்லா சுருள் சில நிமிடங்கள் ஓடினால் போதும். உர ஆலை இரவு பகலாக ஓடவேண்டும். அப்படி ஓடக்கூடிய மின்தேக்கி அப்போது எங்கும் விலைக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே அவரே செய்ய உட்கார்ந்தார். கண்ணாடி எங்கே உடைகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துப் பார்த்தார். உடைவது ஏறக்குறைய எப்போதும் உலோகப் பூச்சு முடியும் ஓரத்தில்தான். நடுப்பகுதி அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கக்கூடியது. கண்ணாடி முழுவதையும் தடிப்பாக்கினால் உடையாது, ஆனால் கொள்ளளவு போய்விடும். அவர் கண்ட வழி எளிமையானது. ஒரு முனை மூடிய நீளமான கண்ணாடிக் குழாயை எடுத்து, உடல் முழுவதையும் மெல்லியதாக விட்டு, கழுத்துப் பகுதியை மட்டும் தடிப்பாக ஊதச் செய்தார். உலோகப் பூச்சின் ஓரம் அந்தத் தடித்த கழுத்தில் வந்து முடியும். தகடு ஒட்டினால் இடையில் காற்று சிக்கி அங்கே பொறி கிளம்பும் என்பதால், கண்ணாடியின்மேல் இரசாயன முறையில் வெள்ளி பூசி, அதன்மேல் மின்முலாமாகச் செம்பு ஏற்றினார். குழாயை உலோக உறை ஒன்றுக்குள் வைத்து, வெப்பத்தை வாங்கிக்கொள்ள கிளிசரினும் தண்ணீரும் கலந்த திரவத்தால் நிரப்பினார். இரசாயனவியலாளரும் தொழிலாளியும் ஒரே ஆளாக இருந்தால் பிறக்கக்கூடிய பொருள் அது. லண்டன் வருடங்கள் முழுவதும் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1903 அளவில் ஃப்ரிபூரில் மின்தேக்கிகள் செய்யவென்றே ஒரு நிறுவனம் உருவானது. உரத்துக்காகப் பிறந்த குழாய் வேறு வேலைகளில் பெயர் எடுத்தது. மலைகளைக் கடந்து போகும் மின்கம்பிகளில் இடி விழுந்தால் ஏறும் அழுத்தத்தை வாங்கிக்கொள்ள அவற்றை வைத்தார்கள். கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் அப்போது பொறி வகை ஒலிபரப்பிகளையே நம்பியிருந்தன. அவையும் உண்மையில் டெஸ்லா சுருளின் உடன்பிறப்புகளே. பாரிஸ் ஈபெல் கோபுரத்தில் பிரெஞ்சு இராணுவம் நடத்திய நிலையத்திலும் மொஷ்சிட்ஸ்கியின் மின்தேக்கிகள் இருந்தன. கோபுரத்தைப் படத்தில் பார்த்திருக்கிறோம், நேரிலும் போய்ப் பார்த்திருக்கிறோம். அதன் அடியில் ஃப்ரிபூரில் ஒரு போலந்து அகதி செய்த கண்ணாடிக் குழாய்கள் நின்றன என்பதை நான் அறிந்தது இந்த வயதில்தான்.

உர ஆராய்ச்சியை அவர் விடவில்லை. காந்தப்புலத்தால் மின்வில்லைச் சுழலவிடும் உலை ஒன்றைச் செய்தார். 1910இல் வலே மாநிலத்தின் ஷிப்பிஸ் என்ற ஊரில் அவருடைய முறையில் நைத்திரிக் அமிலம் தயாராகத் தொடங்கியது. நோர்வேயில் பிர்க்லாந்தும் ஐடும் இதே பாதையில் ஏற்கெனவே பெரிய ஆலை கண்டிருந்தார்கள். ஆனால் மின்வில் முறைகள் எல்லாமே மின்சாரத்தை ஆறாகக் குடித்தன. 1913இல் ஜேர்மனியில் ஹாபர், பொஷ் இருவரின் அமோனியா ஆலை ஓடத் தொடங்கியதும் அவற்றின் காலம் முடிந்தது. மொஷ்சிட்ஸ்கியின் உலை நிலைக்கவில்லை. அதற்குத் துணையாகச் செய்த மின்தேக்கி நிலைத்தது.

1908இல் அவர் சுவிஸ் பிரஜையானார். ஃப்ரிபூர் மாநிலத்தின் ஷாந்தோன் என்ற சின்னஞ்சிறு கிராமம் அவரை ஏற்றுக்கொண்டது. இந்த நாட்டில் குடியுரிமை என்பது ஏதோ ஒரு கிராமம் நம்மைத் தன் ஆளாக ஒப்புக்கொள்வதில் இருந்துதான் தொடங்குகிறது என்பதை அந்தப் படிவங்களை நிரப்பியவர்கள் அறிவார்கள். அந்தக் காகிதம் முப்பது வருடங்களுக்குப் பிறகு தன்னைக் காப்பாற்றும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

1912இல் ஒஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த ல்வூவ் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. இன்று உக்ரைனில் லிவிவ் என்று அழைக்கப்படும் நகரம் அது. நன்றாக வேரூன்றிவிட்ட நாட்டை விட்டு, இன்னும் பிறக்காத தன் நாட்டின் மண்ணுக்குத் திரும்பினார். 1918இல் போலந்து மீண்டும் பிறந்தது.

1922இல் ஹொஜூவ் நகரின் நைதரசன் ஆலை போலந்தின் கைக்கு வந்தபோது அதை ஓடவைக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. வெளியேறிய ஜேர்மானியர்கள் வரைபடங்களையும் கொண்டுபோய்விட்டார்கள். மொஷ்சிட்ஸ்கி தன் முன்னாள் மாணவர்களையும் க்வியாட்கோவ்ஸ்கி என்ற பொறியியலாளரையும் வைத்துக்கொண்டு குறுகிய காலத்தில் ஆலையை ஓடவைத்தார். அந்த ஆலையின் உடைமை பற்றி ஜேர்மனி தொடுத்த வழக்கில் 1928இல் சர்வதேச நிரந்தர நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. சட்டவிரோதச் செயல் ஒன்றுக்கான பரிகாரம், அந்தச் செயல் நடக்காதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையை இயன்றவரை மீட்டுத் தரவேண்டும் என்ற கோட்பாடு அதிலிருந்து வந்தது. இன்றும் இழப்பீடு, பரிகாரம் பற்றிப் பேசும் சர்வதேசச் சட்டத்தரணிகள் எல்லோரும் அந்த ஆலையின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். நம் நாட்டு விவகாரங்களைப் பற்றிய வாதங்களிலும் அந்தப் பெயரைக் காணலாம்.

இனி அரசியல். சுதந்திரப் போலந்தின் முதல் ஜனாதிபதி கப்ரியேல் நருடோவிச் சூரிச்சில் நீரியல் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். அவரும் சுவிஸ் பிரஜை, 1895இல் ஆனவர். பேர்ண் அருகே மூலெபேர்க் நீர்மின் நிலையம் அவருடைய வேலைகளில் ஒன்று. சிறுபான்மையினரின் வாக்குகளால் வென்றவர் என்று வலதுசாரிகள் அவர்மேல் வெறுப்பைக் கக்கினார்கள். பதவியேற்ற ஐந்தாம் நாள், 1922 டிசம்பர் 16இல், ஓவியக் கண்காட்சி ஒன்றில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1926 மே மாதம் பியுசுட்ஸ்கி இராணுவத்துடன் வார்சாவுக்குள் புகுந்து ஆட்சியைக் கைப்பற்றினார். நாடாளுமன்றம் அவரையே ஜனாதிபதியாகத் தெரிவுசெய்தபோது ஏற்க மறுத்து, லண்டனில் பழகிய இரசாயனப் பேராசிரியரின் பெயரைச் சொன்னார். ஜூன் 1ஆம் தேதி மொஷ்சிட்ஸ்கி தெரிவானார். ஆக, சுவிற்சர்லாந்தின் மின்சார யுகம் போலந்துக்கு இரண்டு ஜனாதிபதிகளைக் கொடுத்திருக்கிறது.

ஜனாதிபதியாக அவர் சாதித்தது என்ன? தொழிற்சாலைகள் என்று சொல்லலாம். தார்னூவ் நகரருகே பெரிய நைதரசன் ஆலை ஒன்று 1927இல் கட்டத் தொடங்கி 1930இல் திறக்கப்பட்டது. அவருடைய பெயரால் அந்த இடம் மொஷ்சிட்செ என்று இன்றும் வழங்குகிறது. ஆனால் உண்மையான அதிகாரம் பியுசுட்ஸ்கியிடம் இருந்தது. பேராசிரியர் கையெழுத்துப் போடுபவர் என்று எதிரிகள் ஏளனம் செய்தார்கள்.

அவர் போட்ட கையெழுத்துகளில் ஒன்றைச் சொல்லாமல் இந்த வாழ்க்கையைச் சொல்லி முடிக்க முடியாது. 1934 ஜூன் 17ஆம் தேதி ஜனாதிபதி ஆணை ஒன்று வெளிவந்தது. அதன்படி பெரேசா கர்துஸ்கா என்ற ஊரில் தடுப்பு முகாம் அமைந்தது. நீதிமன்ற விசாரணை கிடையாது. நிர்வாக உத்தரவின் பேரில் மூன்று மாதம் அடைத்து வைக்கலாம், பிறகு நீட்டலாம். உக்ரைனிய தேசியவாதிகள், கம்யூனிஸ்டுகள், அரசுக்குப் பிடிக்காத மற்றவர்கள் அங்கே அடித்து வதைக்கப்பட்டார்கள். இளமையில் விசாரணையில்லாத சைபீரியாவுக்குத் தப்பி ஓடிய மனிதர் இந்த ஆணையில் ஒப்பமிட்டார். குண்டு வைக்க நினைத்த இளைஞரையும் சட்டத்தை ஒதுக்கிவைத்த கிழவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நடுவில் இருக்கும் ஃப்ரிபூர் ஆண்டுகள் இன்னும் அழகாகத் தெரிகின்றன. கண்ணாடி எங்கே உடைகிறது என்று அத்தனை பொறுமையாகப் பார்த்தவர், தன் நாட்டின் ஓரங்களில் இருந்த உக்ரைனியர்மேல் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்கவில்லை. குழாயின் கழுத்தைத் தடிப்பாக்கியவர் அரசின் சட்டங்களை அந்த ஓரத்திலேயே மெலிய விட்டார். விடுதலை பெற்ற இனங்கள் எல்லாம் விடுதலையின் பொருளைத் தங்கள் சிறுபான்மையினருக்கும் கொடுத்துவிடுவதில்லை. இதை நாம் பிறருடைய வரலாறு என்று படித்துக் கடந்துவிடவும் கூடாது.

1932இல் லண்டன் முதல் கூட வந்த மிகலினா காலமானார். அடுத்த வருடம் மரியா என்பவரை அவர் மறுமணம் செய்தார். 1935இல் ஜனாதிபதிக்கு அதிக அதிகாரம் தரும் புதிய அரசியலமைப்பு வந்தது. சில வாரங்களில் பியுசுட்ஸ்கி இறந்தார். அதன்பின் மொஷ்சிட்ஸ்கி பொம்மையாக இருக்கவில்லை. தளபதி ரிட்ஸ்-ஸ்மிக்வியோடு அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்.

1939 செப்டெம்பர் 1ஆம் தேதி ஜேர்மனி மேற்கிலிருந்து தாக்கியது. 17ஆம் தேதி சோவியத் படைகள் கிழக்கிலிருந்து புகுந்தன. அன்றிரவு எழுபத்தொரு வயது ஜனாதிபதி கூட்டி என்ற எல்லை ஊர் வழியாக ருமேனியாவுக்குள் போனார். அங்கே தடுத்துவைக்கப்பட்டார். அங்கிருந்தே ராச்கியெவிச் என்பவரைத் தன் பதவிக்கு நியமித்துவிட்டு செப்டெம்பர் 30இல் விலகினார். போலந்தின் புலம்பெயர் அரசாங்கம் அந்தத் தொடர்ச்சியில்தான் உருவானது. ருமேனியா அவரை விடவேண்டுமானால் அவர் போவதற்கு ஒரு நடுநிலை நாடு வேண்டும். 1908ஆம் ஆண்டு ஷாந்தோன் கிராமம் கொடுத்த குடியுரிமை அப்போது உதவிக்கு வந்தது. டிசம்பர் மாதம் சுவிற்சர்லாந்து வந்து சேர்ந்தார். இரண்டாவது தடவை, மறுபடியும் அகதியாக.

முதலில் ஃப்ரிபூரில் இருந்தார். பிறகு ஜெனீவாவுக்குப் போய், அந்த வயதிலும் இரசாயன ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தார். நோயும் முதுமையும் அவரை நிறுத்தின. 1946 அக்டோபர் 2ஆம் தேதி ஜெனீவாவுக்கு அருகே ஏரிக்கரையில் உள்ள வெர்சுவாவில் காலமானார். போர் முடிந்திருந்தது; ஆனால் அவருடைய நாடு இன்னொரு பேரரசின் நிழலுக்குள் போயிருந்தது. ல்வூவ் நகரம் போலந்திலேயே இல்லை.

நாங்கள் கடைசியில் பத்துப் பொலிபுறப்பிலீன் மின்தேக்கிகளையே வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 10 மெகாஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தோம். மின்சாரத்தை நிறுத்தியபின் உள்ளே தேங்கியிருப்பது வடிந்துபோக அது வேண்டும். அப்படி இருந்தும், நீளமான காப்பிட்ட கோல் ஒன்றால் முனைகளைச் சேர்த்துப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது என்பது முதல் விதி. தேங்கும் சக்தி ஒரு ஜூலுக்குச் சற்று அதிகம்தான் என்றாலும் 12,000 வோல்ட்டில் அது விளையாட்டல்ல. அதைவிட, மின்மாற்றி தரும் 30 மில்லிஅம்பியர் ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது. டெஸ்லா சுருள் பற்றி எழுதும் பலர் மின்னலின் நீளத்தைச் சொல்லி இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். தனியாக, இரவில், கையுறை போட்டால் போதும் என்று நினைத்து யாரும் தொடங்கவேண்டாம்.

மொஷ்சிட்ஸ்கியின் உடல் ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் சுவிற்சர்லாந்து மண்ணில் இருந்தது. போலந்தில் சோவியத் செல்வாக்கு முடிந்த பிறகு, 1993இல், அவருடைய எச்சங்களை வார்சாவுக்குக் கொண்டுபோய் புனித யோவான் பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்தார்கள். அவர் நல்ல ஜனாதிபதியா என்பதில் போலந்துக்காரர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பெரேசாவில் கிடந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பதில் இருக்கும், மொஷ்சிட்செ ஆலையில் மூன்று தலைமுறையாக உழைத்தவர்களுக்கு வேறொரு பதில் இருக்கும். தடித்த கழுத்துள்ள அந்தக் கண்ணாடிக் குழாயைப் பற்றி மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.